யாருக்குக் கீழே வேலை என்று கேள்

அன்புள்ள மகளுக்கு,

குவாலிட்டி, அதாவது தரக் கட்டுப்பாட்டு வேலை என்று நீ அனுப்பிய இரண்டு விவரங்களையும் படித்தேன். "டிசைனில் இடம் கிடைக்கவில்லை, அதனால் குவாலிட்டிக்கு முயற்சி பண்ணுகிறேன்" என்று எழுதியிருந்தாய். அந்த நினைப்போடு இன்டர்வியூவுக்குப் போகாதே. எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்தத் துறையிலேயே ஊறியவராகத்தான் இருப்பார். விரும்பி வந்தவளா, வேறு வழியில்லாமல் வந்தவளா என்பது நாலு பதிலில் அவருக்குத் தெரிந்துவிடும். நான் இந்த வேலையை விரும்பித்தான் செய்தேன். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

என்ன கேட்பார்கள் என்றாய். கன்ட்ரோல் சார்ட்டில் தொடங்கலாம். தயாரிப்பின் அளவுகளை வரிசையாகக் குறித்து, எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் வரைபடம் அது. 1924-இல் வால்டர் ஷூவர்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு சின்னக் குறிப்பில் வரைந்து காட்டிய விஷயம், இன்றும் ஷாப் ஃப்ளோரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வரலாற்றை யாரும் கேட்க மாட்டார்கள். கன்ட்ரோல் லிமிட்டுக்கும் டிராயிங்கில் உள்ள டாலரன்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். புதிதாக வருகிறவர்கள் பலர் தடுமாறுகிற இடம் இது. டாலரன்ஸ் என்பது அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற எல்லை; அந்தப் பாகம் எதற்குப் பயன்படப்போகிறது என்பதை வைத்து முடிவாவது. கன்ட்ரோல் லிமிட், அந்த புராசஸின் சொந்த அளவுகளிலிருந்து கணக்கிடுவது. சராசரிக்கு மேலும் கீழும் மூன்று சிக்மா (சிக்மா என்பது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதற்கான கணக்கு). எல்லாப் பாகமும் டாலரன்ஸுக்குள் இருக்கும்போதே புராசஸ் கை நழுவிக்கொண்டிருக்கலாம். இதை உன் வார்த்தையில் ஒரு உதாரணத்தோடு சொல்லிப் பழகு. சி.பி.கே., அதாவது டாலரன்ஸுக்குள் புராசஸ் எவ்வளவு நன்றாக அடங்குகிறது என்று காட்டும் எண், 1.33 இருக்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்லுகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணுக்கு ஆதாரமான அளவுகளை நம்பலாமா என்று யோசிக்கிறவர்கள் குறைவு. கேஜ் ஆர் அண்ட் ஆர், அதாவது அளவுகளில் தெரியும் வேறுபாட்டில் அளப்பதாலேயே வருகிற பங்கு, 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்தக் கருவியையும் அளக்கும் முறையையும் முதலில் சரிசெய்ய வேண்டும். அதற்கு முன்னால் மெஷினைக் குறை சொல்லக் கூடாது.

அப்புறம் ஒரு கஸ்டமர் புகாரைக் கொடுத்து, காரணம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். "ஆபரேட்டர் கவனக்குறைவு, அறிவுரை சொல்லப்பட்டது" என்று மட்டும் எழுதிவிடாதே. புகாரின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படிகளில் எழுதும் 8டி அறிக்கைகள் எத்தனையோ இந்த ஒரு வரியோடு முடிவதைப் பார்த்திருக்கிறேன். அதே புகார் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன். பாகத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார் என்றால், தலைகீழாக மாட்ட, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிக் ஏன் இடம் கொடுத்தது என்று கேள். அசெம்பிளியில் தப்பியதை அடுத்த இன்ஸ்பெக்ஷனும் ஏன் பிடிக்கவில்லை என்று கேள். ஆளை மாற்றினாலும் அந்தத் தவறு நடக்க முடியாதபடி செய்வதுதான் தீர்வு.

சான்றிதழ்களைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதே. வேலையில் சேர்ந்து, எந்தப் பக்கம் போகிறாய் என்று தெரிந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். அப்போது இரண்டு கேள்வி கேள். குவாலிட்டி துறை யாருக்கு ரிப்போர்ட் செய்கிறது? ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதிச் சரக்கை, சந்தேகத்தால் ஹோல்டில் நிறுத்தி வைத்தால், அதை விடுவிக்கும் அதிகாரம் யாருக்கு?

ஏன் என்று சொல்கிறேன். 1986 ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் சரியாக அடைக்காது என்று பூஸ்டர் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தது எல்லோருக்கும் தெரியும். விசாரணை செய்த ரோஜர்ஸ் குழு எழுதிய இன்னொன்றை அதிகம் பேர் பேசுவதில்லை. அந்த இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்துக்கு ஒரு குவாலிட்டி பொறியாளரைக் கூப்பிட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. குவாலிட்டி பிரிவுகள், தாங்கள் யாருடைய வேலையைச் சோதிக்க வேண்டுமோ அவர்களுக்குக் கீழேயே இருந்தன. அதனால் தனி அலுவலகம் அமைத்து, அது நாசாவின் தலைவருக்கே நேரடியாக ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. வாகனத் துறையின் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலையிலும், தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு உற்பத்தியையும் டிஸ்பேட்சையும் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தாளில் இருப்பது நடைமுறையிலும் இருக்கிறதா என்பதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டவுடன் தயங்கினாலோ, "அதெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்றாலோ கவனமாக இரு. மாதக் கடைசி சாயங்காலம், லாரி வாசலில் நிற்கும்போது, கையெழுத்துப் போடச் சொல்லி உன்னிடம்தான் வருவார்கள்.

இதற்காகப் புரொடக்ஷன் ஆட்களை எதிரியாக நினைத்துவிடாதே. காலையில் முதலில் லைனுக்குப் போ, ஆபரேட்டர் சொல்வதைக் கேள். மெஷினின் சத்தம் மாறியது சார்ட்டுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். உன்னிடம் சொன்னால் திட்டு விழாது என்று அவர் நம்ப வேண்டும்.

நீ அனுப்பியதில் முதல் நிறுவனம், இந்தப் பதவி உற்பத்தி மேலாளருக்குக் கீழே என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதில் யூனிட் தலைவருக்கு நேரடியாக. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, அதன் பெயர் சின்னதாக இருந்தாலும். ஆனால் இரண்டுக்கும் போய் வா. அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று அன்றைக்கே எனக்கு எழுது. சம்பளத்தைப் பற்றி அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா