ஹைடனை இடைவேளைக்குப் பிறகு வையுங்கள்

எங்கள் ஊரில் மேற்கத்திய இசைக் கச்சேரிகள் நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. மைக்கோடு மேடையேறியவர் உங்கள் ஆள்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் ஓபஸ் 33 என்ற தொகுப்பில் இரண்டாவது குவார்ட்டெட், அதாவது நான்கு பேர் வாசிக்கும் உருப்படி. 1781இல் எழுதியது. 'ஜோக்' என்று அதற்குப் பெயர் வந்ததே கடைசிப் பகுதியால்தான். முடிந்ததுபோல் நிறுத்துவார். மெட்டு துண்டு துண்டாகத் திரும்பி வரும், நடுநடுவே மௌனம். பிறகு ஒரு நீண்ட மௌனம். எல்லாம் ஓய்ந்தது என்று நினைக்கும்போது மெட்டின் முதல் துண்டு மட்டும் மெல்லத் தலைகாட்டும். அவ்வளவுதான்.

அந்த நீண்ட மௌனத்தில்தான் உங்கள் அறிவிப்பாளர் "நன்றி, நன்றி" என்று ஏறினார். முதல் வயலின்காரர் வில்லைத் தந்தியில் வைத்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் வாசிக்கத்தான் செய்தார்கள், பாவம். ஸ்பான்சர் பெயர்களுக்கு நடுவே அது யார் காதில் விழுந்தது? 240 வருஷம் கழித்தும் ஹைடனின் ஜோக்கில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஒருநாள் தவறு இல்லை. உங்கள் நிகழ்ச்சியில் ஹைடன் எப்போதும் முதல் உருப்படி, அதாவது தாமதமாக வருகிறவர்களுக்கான உருப்படி. கதவு திறந்தே கிடக்கும், செல்போன் வெளிச்சத்தில் வரிசை தேடுவார்கள். 1772இல் ஊருக்குப் போக லீவு கிடைக்காத வாத்தியக்காரர்களுக்காக அவர் ஒரு சிம்பொனி எழுதினார். கடைசியில் ஒவ்வொருவராக மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். உங்கள் அரங்கில் அது தலைகீழ்: ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள்.

இடைவேளைக்குப் பிறகு மோட்சார்ட், பீத்தோவன். சரி, கேட்க வேண்டியவைதான். ஆனால் மோட்சார்ட் தன் ஆறு குவார்ட்டெட்டுகளை 1785இல் யாருக்குச் சமர்ப்பித்து வெளியிட்டார்? பீத்தோவன் 1792இல் யாரிடம் படிக்க வியன்னாவுக்குப் போனார்? நான்கு வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் இந்த வடிவத்தை நிலைநிறுத்தியவர் உங்கள் போஸ்டரில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறார். அவருக்கு மேலே நகைக்கடை விளம்பரம்.

கேன்டீன் காப்பி, பார்க்கிங், ஏசிக் குளிர் எதைப்பற்றியும் நான் வாய் திறக்கப்போவதில்லை. கேட்பது ஒன்றுதான்: ஹைடனை இடைவேளைக்குப் பிறகு வையுங்கள், கதவைச் சாத்திவிட்டு. வாத்தியக்காரர்கள் வில்லை இறக்கும்வரை மைக்கைத் தொடாதீர்கள். அடுத்த மாத நிகழ்ச்சி நிரல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து மாற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர், எப்போதும் பத்து நிமிஷம் முன்னதாக வருகிறவன்