பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: கைகொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் அச்சகத்தின் டிடிபி (கணினியில் பக்கம் கோக்கும்) பிரிவு, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளையும் பாமினி எழுத்துருவையும் விட்டு, புதிய மென்பொருளான இன்டிசைனுக்கும், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு குறிமுறைக்கும் முழுதாக மாறிவிட்டது. இந்த மாதம் அச்சேறிய ஆண்டறிக்கை, அழைப்பிதழ், சிற்றிதழ் எல்லாமே புதிய முறையில் கோத்தவை. கற்றுக்கொண்டவர்கள் ஒன்பது பேர். கைகொடுத்தவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் அவர்கள் செய்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

பயிற்சி தர வந்த தங்கை மெனுக்களை வரிசையாக ஒப்பிக்கவில்லை. முதல் நாளே எங்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லி, ‘தமிழ்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மட்டும் மாற்றினார். திரையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் நின்றன. “இத்தனை நாளும் ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டித்தான் அச்சடித்திருக்கிறோம்” என்றார். ஏன் மாற வேண்டும் என்று அதன்பின் ஒருவரும் கேட்கவில்லை.

பழைய கோப்புகளை, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டபோதுதான் வேடிக்கை. கோப்பை மொத்தமாக மாற்றினால் நடுவிலிருக்கும் ஆங்கிலத்தையும் அது தமிழாக எண்ணிக்கொள்கிறது. ‘ஈமெயில்’ என்ற ஆங்கிலச் சொல் ‘நஅயடை’ ஆனது. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது ‘இ’. ஆகவே 1,50,000 ரூபாய் ‘1இ50இ000’ ரூபாய் ஆனது. தங்கை காட்டிய வழி இது: மாற்றுவதற்கு முன்பே வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினி அல்லாத துண்டுகளையெல்லாம் தனித்தாளில் வெட்டி வைக்க வேண்டும். அவை இருந்த இடத்தில் 9001, 9002 என்று எண் போட வேண்டும். பாமினியில் எண்கள் மாறாமல் நிற்கும் என்பதால் மாற்றியபின் அதே இடத்தில் திரும்பப் பொருத்திவிடலாம். நாற்பது பக்க அறிக்கைக்கு அரை மணி நேரம் கூடுதலாகும். அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் மெய்ப்பில் (அச்சுக்கு முன் பிழை திருத்துவதில்) அரை நாள் போகும்.

மெய்ப்பு என்றதும் மூத்த மெய்ப்புத் திருத்துநர் ஐயா இருவரும் நினைவுக்கு வருகிறார்கள். பழைய முறையில் ‘கௌ’ அடிக்கக் கொம்பு, க, ள என்று மூன்றாகத்தான் அடிப்போம். மாற்றியபின் அது எ-கரக் கொம்பும் ள-வுமாகவே தங்கிவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் ‘கௌரவம்’ என்று தேடினால் ‘கெளரவம்’ அகப்படாது. எங்களில் ஒருவர் அவசரப்பட்டு, கொம்பும் ள-வும் சேர்ந்து வந்த எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஔ-காரக் குறியாக மாற்றினார். வெள்ளி ‘வௌ்ளி’ ஆனது, தெளிவு ‘தௌிவு’ ஆனது. ஐயாக்கள் கோபிக்கவில்லை. கௌரவம், மௌனம், சௌகரியம், பௌர்ணமி, பௌத்தம், வௌவால் என்று சொல் சொல்லாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் முழுச்சொல்லாக மட்டுமே மாற்றும்படி எழுதிக் கொடுத்தார்கள். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்துப் பல வருடம் ஒளிந்திருந்த ‘கரலம்’ (காலம்) போன்றவையும் அப்போதுதான் பிடிபட்டன.

விசைப்பலகை விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியவர் ஓய்வுபெற்ற தட்டச்சுப் பள்ளி ஆசிரியர். எல்லாரும் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் படித்தே தீர வேண்டும் என்ற பேச்சை அவர்தான் நிறுத்தினார். தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்து இருபது வருடம் அடித்த விரலை மாற்றச் சொல்வது அநியாயம் என்பது அவர் கட்சி. எங்கள் கட்சியும் அதுதான். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய தட்டச்சு முறையிலேயே அடித்து யூனிகோடில் எழுத்து வாங்கலாம். மூத்தவர்கள் நால்வரும் அப்படியே அடிக்கிறார்கள்.

புதியவர்கள் ஐவருக்கு மட்டும் தமிழ்99. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும், ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானே விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளுக்கும் அப்படியே. சிக்குவது ‘மமதை’ மாதிரிச் சொற்களில்: இரண்டு ம-வுக்கும் நடுவே அ-வைத் தட்டாவிட்டால் ‘ம்மதை’ என்று வரும். இந்த ஒரு விதியை முதல் நாளே சொல்லாததால்தான் பலர் தமிழ்99ஐப் பாதியில் விடுகிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். காலையில் நாற்பது நிமிடம், விசையின்மேல் துணி போட்டுப் பழக்கினார்.

இன்டிசைனில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, நடுவே புள்ளிவட்டம் வந்து மிரட்டியபோது கணினி பழுதுபார்க்கும் தம்பி ஓடிவந்தார். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நாங்கள் நான்கைந்தை மாற்றிப் பார்த்திருந்தோம். குற்றம் எழுத்துருவில் இல்லை. பத்தி பாணியில் (பாராகிராஃப் ஸ்டைல்) ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், எழுத்துகளைக் கோத்து அடுக்கும் கம்போசரை ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று வைத்தார், எழுத்து கூடிவிட்டது. கோப்பு எதையும் திறக்காமல் விருப்பத்தேர்வுகளில் அதையே வைத்துவிட்டால் புதிய கோப்புகளுக்கும் அதுவே வரும். இன்டிசைனின் சிசி பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்காது என்பதால், அதற்கு முந்தைய சிஎஸ்6 பதிப்பு உள்ள பழைய கணினியை எடைக்குப் போட விடாமல் தடுத்தவரும் இவரே.

நிர்வாகத்துக்கு ஒரு வரி: இரண்டு வாரம் நாங்கள் முடிக்க வேண்டிய பக்கக் கணக்கைப் பாதியாகக் குறைத்தீர்கள். பயிற்சிக்கு ஆள் வைப்பதைவிட அது பெரிய உதவி. இரண்டு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொண்ட சிற்றிதழ் ஆசிரியருக்கும், நாற்பது நிமிட வகுப்புக்குத் தவறாமல் டீ அனுப்பிய எதிர்க்கடை அண்ணனுக்கும் நன்றி.

அன்புடன்,
டிடிபி பிரிவினர்

பி.கு.: ஐயாக்களின் சொற்பட்டியல் இரண்டாவது மேசைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. வேறு அச்சகத்தார் யாருக்கு வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம். ‘யௌவனம்’ விடுபட்டிருந்தது, பேனாவால் சேர்த்திருக்கிறோம்.