நிலவேம்புத் தட்டுப்பாட்டுக்கு நிலவேம்பு காரணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை இறங்கி, டெங்குச் செய்திகள் வரத் தொடங்கியதும் சென்னையில் நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த ராசப்பச் செட்டித் தெருவில் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் கேட்டுக் கூட்டம் கூடும். விலை ஏறும், ‘ஸ்டாக் இல்லை’ என்ற பேச்சும் கிளம்பும். 2012 டெங்குப் பரவலுக்குப் பிறகு இது சீசன் சரக்காகவே ஆகிவிட்டது. ஆனால் வியாபாரத்தில் பெரும்பாலானோர் காய்ச்சல் வந்த பிறகுதான் மூட்டைக்கு அலைகிறோம். இந்த ஆகஸ்டிலேயே முடிக்க வேண்டிய வேலை அது.

உண்மையில் தட்டுப்படுவது நிலவேம்பு அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விளாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய 9 சரக்கும் சம எடையில் சேர வேண்டும். 90 கிலோ சூரணத்துக்கு ஒவ்வொன்றிலும் 10 கிலோ, புடைத்துச் சலித்த கழிவு போக. நிலவேம்பு கேட்ட அளவுக்குக் கிடைத்துவிடும். விளாமிச்சையும் பற்படாகமும் அப்படியல்ல. சந்தனம் இன்னும் மோசம்: வைரம் பாய்ந்த கட்டை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிறது, ரசீதோடுதான் வாங்கவும் வேண்டும். கிலோ 300 ரூபாய்க்குச் ‘சுத்தமான’ சூரணம் கிடைக்கிறதென்றால், ஒன்பதில் ஒரு பங்கு சந்தனத்தை அந்தக் காசுக்குள் எப்படி அடக்கினார்கள் என்று வாங்குபவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நவம்பர் அவசரத்தில் விளாமிச்சைக்குப் பதில் வெட்டிவேரே இரண்டு பங்கு விழுவதும் இப்படித்தான். எனவே ஆர்டரை அரிய சரக்கிலிருந்து தொடங்க வேண்டும். நிலவேம்பைக் கடைசியில் வாங்கினால் போதும்.

வாங்கும்போது மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலவேம்பு விதைத்து 90 முதல் 120 நாளில், பூக்கத் தொடங்கும் சமயம் அறுப்பது நல்லது. சத்து மிகுதியாக இருப்பது இலையில். வெயிலில் முறுகக் காய்ந்த கட்டுகளை லாரியில் ஏற்றி இறக்குவதற்குள் இலை உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும். நிழலில் உலர்த்தி, இலை பச்சை மாறாமல் இருக்க வேண்டும்; தண்டை வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, அந்த மூட்டை கிடங்கில் பூஞ்சணம் பிடிக்கும். பற்படாகம் நூல்போல மெல்லிய பூண்டு, வேரோடு மணலும் வரும். சலிக்காமல் எடை போட்டால் மணலுக்கும் காசு கொடுக்கிறோம், அரவை இயந்திரமும் தேயும். மிளகைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதந்து காட்டிக்கொடுக்கும். சுக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்பு தோய்த்தது, வேண்டாம்.

சென்னைக்கென்று இருக்கும் சிக்கல் ஈரக்காற்று. மழை மாதங்களில் பொடி காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கட்டி தட்டிவிடும். ஆகஸ்டில் ஒட்டுமொத்தமாக அரைத்து அடுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் பலர் செய்வது. அதைச் செய்யவே கூடாது. சரக்கை முழுதாக வைத்திருந்து, ஒரு வார விற்பனைக்கு ஆகும் அளவை மட்டும் அரைக்க வேண்டும். சுக்கிலும் கோரைக்கிழங்கிலும் வண்டு சீக்கிரம் விழும் என்பதால் அவை இரண்டும் தனி டின்னில். மற்றவை உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கில், தரையிலிருந்து அரையடி உயரப் பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. பாரிமுனைப் பக்கம் தரைக்குக் கீழே கிடங்கு வைத்திருப்பவர்கள் செப்டம்பருக்குள் மாடிக்கு மாற்றுவதே புத்தி.

அரவையில் வெட்டிவேர் இயந்திரத்தைச் சுற்றிக்கொள்ளும், முன்கூட்டியே அரை அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும். சந்தனத்தைத் தனியாகச் சீவிக் கடைசியில் கலப்பது மேல், அரவைச் சூட்டில் வாசனை போய்விடும். பதம் ரவை போல இருக்கட்டும். மாவாக அரைத்தால் கஷாயம் வடியாது, அடியில் சேறாகத் தங்கும்.

எவ்வளவு வாங்கி வைப்பது? ஒரு வேளைக்கு 5 கிராம் சூரணம், 200 மில்லி தண்ணீரில் 50 மில்லியாகச் சுண்டக் காய்ச்சுவது. நான்கு பேர் உள்ள வீட்டில் இரு வேளைக்கு 40 கிராம், ஐந்து நாளைக்கு 200 கிராம். வாரம் 50 குடும்பம் வரும் சிறு கடைக்கு அந்த வாரத்துக்கு 10 கிலோ போதும். பயத்தில் 100 கிலோ பொடியை ஒரேயடியாகத் தூக்கிவந்து ஜனவரியில் மக்கல் வாடையோடு தள்ளுபடியில் விற்பதைத்தான் ஒவ்வோராண்டும் பார்க்கிறோம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். மூலிகையை மூலிகையாக விற்பது வேறு, ஒன்பதையும் கலந்து அரைத்துப் பொட்டலம் போட்டு மருந்தாக விற்பது வேறு. பின்னது 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உற்பத்தி. அதற்கு உரிமம் வேண்டும், உறையில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். உரிமம் இல்லாத கடைக்காரர் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பொட்டலத்தை வாங்கி விற்கலாம். தமிழக அரசு நிறுவனமான டாம்ப்கால், கூட்டுறவு அமைப்பான இம்ப்காப்ஸ் ஆகியவற்றின் தயாரிப்புகள் உண்டு. வெள்ளைக் கவரில் பேனாவால் பெயர் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மூன்று நாள் காய்ச்சலோடு வருபவரிடம், ரத்தப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். கடைகளில் மாதிரி எடுக்கும் சோதனை நவம்பரில் நடந்தால், முடிவு வருவதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும். செப்டம்பரில் மொத்தக் கிடங்குகளிலேயே எடுங்கள். அதில் சந்தனமும் விளாமிச்சையும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் சிலர்,
பூங்கா நகர், சென்னை – 3