ஒயரைப் பிடுங்கியது நான் இல்லை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கிறது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நெட் நின்றதும், "நீ ஏதாவது ஒயரைப் பிடுங்கியிருப்பாய்" என்றாயே, பிடுங்கியது நான் இல்லை, அணில். கொல்லையில் தென்னையை ஒட்டி வரும் கறுப்பு ஃபைபர் ஒயரைக் கடித்து வைத்திருக்கிறது. லைன்மேன் தம்பி காட்டினார். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரே ஒரு கண்ணாடி இழை! அதில் ஓடுவது வெளிச்சமாம், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அறுந்த முனையை உற்றுப் பார்க்கப் போனேன். "கண்ணுக்கு நேரே வைக்காதீர்கள் அம்மா" என்று தடுத்துவிட்டார்.

அந்த வெளிச்சம் வீட்டுக்குள் இருக்கும் நெட் பெட்டிக்கு (மோடம்) வந்து சேராவிட்டால் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கும். அன்று இரவு அதுதான் மினுக்கியது, உன்னிடமும் சொன்னேன். நீ காதில் வாங்காமல் மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னாய். தெருக்குழாய் உடைந்து கிடக்கும்போது வீட்டுக்குழாயைத் திருகி என்ன பயன்? அதுகூடப் போகட்டும். பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஊக்கை விட்டுப் பத்து விநாடி அழுத்தச் சொன்னாயே, அங்கேதான் வினை.

தம்பி ஒரு மெஷினில் வைத்து இழையை ஒட்டினார். சிவப்பு அணைந்தது. பான் (PON) என்று எழுதிய விளக்கு சிறிது நேரம் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தது. அப்படி நின்று எரிந்தால் நெட் கம்பெனிப் பக்கத்துக் கருவி நம் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது என்று அர்த்தம். ஆனாலும் இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லை. "யாராவது ரீசெட் செய்தீர்களா?" என்று கேட்டார். யூசர்நேம், பாஸ்வேர்டு, நீ வைத்த வைஃபை பெயர் எல்லாமே அழிந்திருந்தன. திரும்ப ஏற்றி முடிக்க அரை மணி நேரம். உன் பெயரை நான் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் அப்பா தூசு தட்டுகிறேன் என்று ஒயர்களை எல்லாம் கழற்றி, போன் ஒயரைக் கம்ப்யூட்டர் ஒயருக்கான லேன் துளையில் செருகிவிட்டார். அதன் முனை சிறியது, பெரிய துளைக்குள்ளும் போய்விடுகிறது. டயல் டோன்தான் வராது. இப்போது போன் துளைக்கு மேல் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். லேன் விளக்கு மினுக்கினால் டேட்டா போய்வருகிறது, நல்லது. எல்.ஓ.எஸ். மினுக்கினால் கெட்டது. இரண்டுக்கும் ஒரே மினுக்கலை வைத்த புண்ணியவானைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. அதில் 5தான் வேகம். ஆனால் இரண்டு சுவர் தாண்டிச் சமையலறைக்கு வருவதற்குள் சோர்ந்துவிடுகிறது. அங்கே எனக்கு 2.4 போதும்.

இன்னொன்று. ராத்திரியில் பச்சை விளக்குகள் கண்ணைக் கூசுகின்றன என்று பாட்டி பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். காலையில் தொட்டால் சுடுகிறது. நான் சொன்னால் கேட்பதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நீயே அவரிடம் பேசு.

அன்புடன்,
அம்மா