காபிப் பழத்துக்குள் இரண்டு பேரேடு

ஏற்காடு
டிசம்பர் 18

அன்புள்ள பானு,

உன் கடிதம் சேலம் வீட்டுக்கு வந்து, அம்மா அதை மாமா கையில் கொடுத்தனுப்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நேற்றுதான் என்னிடம் சேர்ந்தது. பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் ரொம்ப சந்தோஷம். தை முடிவதற்குள் கோவை வந்து அவளைப் பார்க்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை. ஆனாலும் விடிந்ததும் அவரைப் பந்தலடியில் போய் நிற்காமல் இருக்க மாட்டாள்.

பழம் பறிக்கிற நேரம் என்று பத்து நாள் லீவு போட்டு மாமா தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். "கம்ப்யூட்டரில் எப்படிக் கிருமி வளர்ப்பாய்?" என்று கேட்டிருந்தாய். என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமாவே வழி காட்டினார். ஒரு பழத்தைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். தொப்புள் பக்கம் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. பிளந்தால், கொட்டைக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும் கறுப்பு வண்டு. பெர்ரி போரர். "ராத்திரி ஒரு டம்ளர் காபி குடித்தால் எனக்கே தூக்கம் போய்விடுகிறது. இது அதற்குள்ளேயே பிறந்து, அதையே தின்று வளருதே, எப்படிம்மா?" என்றார்.

நல்ல கேள்வி. காஃபீன் என்பது பூச்சிகளை விரட்ட செடி வைத்திருக்கும் விஷம். 2015ல் வந்த ஓர் ஆய்வில் விடை கிடைத்தது. வண்டின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள், முக்கியமாக சூடோமோனாஸ் ஃபல்வா, காஃபீனை உடைத்துவிடுகின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றை அழித்தபோது காஃபீன் உடையாமலே எச்சத்தில் வந்தது, முட்டையும் குறைந்தது. அந்தக் கிருமிக்குக் காஃபீன் தின்பண்டம். கார்பனும் நைட்ரஜனும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அது வண்டுக்கு உதவி செய்கிறதா, தன் சாப்பாட்டைச் சாப்பிடுகிறதா? இந்த இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது.

கல்லூரியில் நீ சிம்ப்ளெக்ஸ் கணக்கு (வரம்புகளுக்குள் நின்று மிகச் சிறந்த விடையைத் தேடுவது) போட்டு முடித்துவிட்டு என் நோட்டைத் திருத்துவாயே, அதே கணக்குதான். ஓர் உயிரணுவில் என்னென்ன வேதிவினை நடக்கலாம் என்று அதன் மரபணுக்களைப் பார்த்துப் பட்டியல் போடுவோம். வேதிப்பொருள் ஒவ்வொன்றும் ஒரு வரிசை, வினை ஒவ்வொன்றும் ஒரு நிரல். உள்ளே எதுவும் தேங்கக் கூடாது, உண்டானதும் செலவானதும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் குடலிலும் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு 2011ல் போட்ட இப்படியொரு கணக்கில் 1366 மரபணுக்கள் இருக்கின்றன. சமன்பாடுகளைவிட மாறிகள் அதிகம், அதனால் விடைகள் எண்ணற்றவை. அவற்றில் ஒன்றைப் பிடிக்க, "இந்தச் செல் முடிந்தவரை வேகமாக வளரப் பார்க்கிறது" என்று ஒரு குறிக்கோளை எழுதுவோம். தனியாக வாழும் கிருமிக்கு இது பல நேரம் நன்றாகவே பொருந்துகிறது.

ஒட்டி வாழும் கிருமிக்கு? அம்மாவின் அவரைக்கொடியில் அப்பியிருக்கும், சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியை எடுத்துக்கொள். கொடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம். ஆனால் புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களில், பூச்சியால் தானே செய்துகொள்ள முடியாதவை அதில் மிகக் குறைவு. அவற்றைச் செய்து தருவது அசுவினியின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் புக்னேரா என்ற பாக்டீரியா. 15 கோடி ஆண்டுகளுக்கும் மேலான உறவு. ஈ.கோலையின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்துகள், அதற்கு உறவுக்காரனான புக்னேராவிடம் 6 லட்சத்து 40 ஆயிரம்தான். மீதியெல்லாம் தொலைந்துபோயின. 2006ல் சிலர் ஈ.கோலை கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்து, பூச்சிக்குள் கிடைக்கும் வசதியான சாப்பாட்டைக் கொடுத்து, மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டபடி நீக்கிப் பார்த்தார்கள். வளர்ச்சி கெடாத வரை நீக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் மிஞ்சியது உண்மையான புக்னேராவோடு ஏறத்தாழ 80 சதவீதம் ஒத்துப்போனது. முதன்முதலில் இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை, பானு.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது லியூசின் என்ற அமினோ அமிலம். அதைச் செய்கிற படிகள் புக்னேராவிடம் வரிசையாக இருக்கின்றன, கடைசிப் படிக்கான மரபணு மட்டும் இல்லை. அந்தப் படி அசுவினியின் செல்லில் நடக்கிறது. கிருமியின் பேரேட்டை மட்டும் திறந்தால் கணக்கு பாதியில் நிற்கும். பூச்சியின் பேரேட்டையும் பக்கத்தில் விரித்தால்தான் பக்கம் முடிகிறது. வெறும் மரபணுப் பட்டியலைப் பார்த்து "இது குறை" என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

மனிதக் குடல் கிருமிகளுக்கும் இப்படிக் கணக்குகள் உண்டு. 2017ல் 773 இருந்தன, 2023ல் 7302 ஆகிவிட்டன. எண்ணிக்கை ஏறுவது நல்லதுதான். எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு உயிர்களைச் சேர்த்து ஒரே கணக்காக்கும்போது யாருடைய குறிக்கோளை எழுதுவது? இரண்டின் வளர்ச்சியையும் கூட்டி அதிகப்படுத்து என்று எழுதினால் விடை வந்துவிடும், ஆனால் அது இருவரும் பேசிவைத்துக்கொண்டது போன்ற விடை. அசுவினி தன் கிருமியை எல்லையில்லாமல் பெருக விடுவதில்லை. வண்டுக்கு வேண்டியது முட்டை, சூடோமோனாஸுக்கு வேண்டியது அதன் அடுத்த வேளைச் சாப்பாடு. அவரவர் தன் பங்கைப் பார்க்க, ஒருவர் முடிவு இன்னொருவர் வரம்பை மாற்றுகிற மாதிரி எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி. கூட வேலை செய்பவர்களோடு இதற்காகப் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா, "அப்போ அந்தக் கிருமியை மட்டும் கொல்ல ஒரு மருந்து அடித்தால் போதுமா?" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். மலைச்சரிவில் ஆன்டிபயாடிக் தெளித்தால் மண்ணில் இருக்கும் நல்ல கிருமிகளும் போகும், மழையில் ஓடைக்கும் இறங்கும். எந்தப் படியை அடைத்தால் வண்டு மட்டும் தடுமாறும் என்று முதலில் கணக்கில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம், அதில் யாருக்கும் சேதமில்லை. அதுவரை அவர் முறைதான் சரி. பறிப்பு முடிந்ததும் செடியிலும் தரையிலும் ஒரு பழம் விடாமல் பொறுக்கி, துளை விழுந்ததைக் கொதிநீரில் முக்கி எடுக்கிறார்.

அப்புறம், நீ இத்தனை வருடமாக ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடம் எடுக்கிறாய். ஒரு கணக்கின் விடை இன்னொன்றுக்கு வரம்பாக நுழைகிற இரண்டடுக்குக் கணக்கில் நான் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். கல்யாண வேலைக்கு நடுவே ஒரு மத்தியானம் ஒதுக்கி வை. புதுசாக வறுத்த அரை கிலோ காபித்தூளும் கொண்டுவருகிறேன், துளை இல்லாத கொட்டையாகப் பொறுக்கித் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வசந்தி