பத்து நாள் முகாம் முடித்து வீடு திரும்பிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபாசனா தியான முகாமை முடித்துவிட்டு நீ வீடு திரும்பி ஐந்து வாரங்கள் ஆகின்றன. காலையிலும் மாலையிலும் தலா ஒரு மணி நேரம் தியானத்தில் உட்கார வேண்டும் என்பதை முதல் வாரம் காப்பாற்றியதாகவும், இரண்டாம் வாரத்தில் மாலை அமர்வு நின்றுபோனதாகவும், இப்போது காலையும் கைவிட்டுப் போனதாகவும் எழுதியிருந்தாய். உனக்கு மன உறுதி போதாது என்று நீயே தீர்ப்பும் எழுதிவிட்டாய். அதை நான் ஏற்கவில்லை.

முகாமில் நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், நான்கரைக்கு உட்காருவோம், ஆறரைக்குத்தான் சிற்றுண்டி. எப்போது உட்காருவது என்று அங்கே நீ ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டாய். வீட்டில் மணியடிக்க ஆள் இல்லாததால் தினமும் உன்னோடு நீயே பேரம் பேச வேண்டியிருக்கிறது. விடியற்காலைப் பேரத்தில் தூக்கம்தான் ஜெயிக்கும். எனக்கு அந்த மணியாக வாய்த்தது பால் பாக்கெட். ஐந்தேகாலுக்கு வாசலில் பால் போடும் சத்தம் கேட்டதும் எழுந்து, அதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காபிகூடப் போடாமல் நேரே போய் உட்கார்ந்துவிடுகிறேன். காபி போட்டால் செய்தித்தாளும் அதைத் தொடர்ந்து கைபேசியும் வந்துவிடும்.

மாலை அமர்வைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பதரைக்கு உட்கார்ந்ததாகவும், பத்தே நிமிடத்தில் தலை சாய்ந்ததாகவும் எழுதியிருந்தாய். முகாமின் அட்டவணையை நினைத்துப் பார்: பகல் பதினொரு மணிக்குச் சாப்பாடு, மாலை ஐந்துக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும், பழைய மாணவர்களுக்கு அதுவும் இல்லாமல் எலுமிச்சைச் சாறு, அதன் பிறகே ஆறு மணிக்குக் கூட்டுத் தியானம். ஏறக்குறைய வெறும் வயிற்றோடு உட்கார்ந்து பழகியதை நான்கு தோசை உண்ட வயிற்றோடு செய்யப் பார்த்திருக்கிறாய். அலுவலகத்திலிருந்து வந்து கைகால் கழுவி உடை மாற்றிய சூட்டோடு உட்கார்ந்து பார். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடு. முதல் மாதம் முழுவதும், நான் ஏதோ கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டதாகவே உன் அண்ணி நினைத்திருக்கிறாள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்ற உன் வரியைப் படித்தபோது சற்றுச் சிரிப்பு வந்தது. இந்த முகாம்களைத் தொடங்கிய ஆசிரியர் கோயங்காவுக்கு இதைக் கற்பித்த சயாஜி ஊ பா கின், 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்ற அரசு அதிகாரி. தம் அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் சொல்லிக்கொடுத்தவர். 1955இல் தீராத ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் போய்ச் சேர்ந்த கோயங்காவும்கூட, குடும்பமும் பெரிய வணிகமும் உள்ளவராகவே இருந்தார்.

ஒரு மணி நேரம் கிடைக்காத நாளில் இருபது நிமிடம் ஆனாபானா மட்டும் செய், மூச்சைக் கவனித்தால் போதும். இது என் சொந்தச் சலுகை. முகாம் ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவர்களே சொல்லும் ஒன்றை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது: தூங்கப்போகும் முன் ஐந்து நிமிடமும் விழித்தவுடன் ஐந்து நிமிடமும், படுத்தபடியே உடலின் உணர்ச்சிகளைக் கவனிப்பது. இன்றிரவே அதைத் தொடங்கலாம்.

வாரம் ஒருமுறை சேர்ந்து உட்காரவும் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடு. சாப்பிடாமல் வா, முடித்த பிறகு அண்ணி இட்லி வைத்திருப்பாள்.

அன்புடன்,
அண்ணன்