குளிசைக்குப் பிறகும் வரும் புழு

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். பேரனுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்து மூன்று மாதம் ஆகும் முன்பே மலத்தில் மறுபடியும் புழு கண்டதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. மருந்தில் பழுதில்லை, மகள். குளிசை குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும்; நாளை வாய்வழியே போகவிருக்கும் முட்டையை அது தடுக்காது.

உனக்கு நான்கு வயதிருக்கும்போது, ஒரு விடியற்காலையில் நீ வாந்தியெடுக்க, ஒரு சாண் நீளத்தில் மங்கிய வெள்ளையாய் ஒன்று விழுந்து நெளிந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் ஊருக்கெல்லாம் குளிசை எண்ணிக் கொடுத்த நான், உனக்கு இரண்டு தடவை கொடுத்தும் புழு திரும்ப வந்தது. அடைமழை பெய்த ஒரு நாளில்தான் காரணம் தெரிந்தது. லயத்துக் கக்கூஸ் குழி நிரம்பி, வழிந்த தண்ணீர் நம்முடைய வல்லாரைப் பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வல்லாரையைத்தான் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்துப் பச்சையாகச் சம்பல் போட்டு உண்டோம். அன்றே பாத்தியை மேட்டுக்கு மாற்றினேன்.

அன்று நீ வாந்தியெடுத்தது உருளைப்புழு. அதில் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டை இடும். பசை போன்ற மேலுறை இருப்பதால் அவை இலையிலும் காம்பிலும் ஒட்டிக்கொள்ளும். உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் ஊறப்போட்டாலும் சாகா. ஆகவே வேரை அறுத்துவிட்டு, ஒவ்வோர் இலையாக ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவு. பேரனுக்கு மட்டும் நன்றாக வேகவைத்துச் சுண்டலாகக் கொடு. அந்தச் சூட்டை முட்டை தாங்காது.

நீங்கள் வளர்க்கும் நாய்க்குட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரனின் மலத்தில் கண்டது அதன் புழுவாக இருக்காது. நாயின் உருளைப்புழு மனிதக் குடலில் வளர்ந்து முதிர்வதில்லை. ஆனால் முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குடம்பி, அதாவது இளம்புழு, பிள்ளையின் ஈரலுக்கும் நுரையீரலுக்கும், சில வேளை கண்ணுக்கும் போய்விடும். தாய் வயிற்றிலேயே குட்டிகளுக்குத் தொற்றிவிடுவதால், பிறந்து 2 வாரத்திலிருந்தே மருந்து கொடுக்கத் தொடங்க வேண்டும். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோ. நாயின் மலத்தோடு விழும் அந்தப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து தொற்றும் நிலைக்கு வர 2 வாரமாவது வேண்டும். நாய் கழித்ததை அன்றன்றே அள்ளி ஆழமாகப் புதைக்கச் சொல்வது அதனால்தான். வீடு கட்ட இறக்கிய மணலில் பேரன் விளையாடுவதாகச் சொன்னாய். அதை இன்றே படங்கு போட்டு மூடு.

செருப்பில்லாமல் அவனை வெளியே விடாதே. உன் அப்பாயி காலமெல்லாம் வெறுங்காலோடு கொழுந்துக்குப் போனவர். விரலிடுக்கில் அரித்தபோது சேற்றுப்புண் என்றே நினைத்தோம். கொக்கிப்புழு தோலைத் துளைத்து நுழைந்த அரிப்பு அது. கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, மேடேற மூச்சு வாங்கிய பிறகே இரத்தம் குறைந்திருப்பதை அறிந்தோம்.

அடுத்த கிழமை இங்கிருந்து வருபவரிடம் கரட்டும் லீக்ஸும் கொடுத்தனுப்புகிறேன். லீக்ஸ் மடல்களுக்குள் மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து, மடல் மடலாக விரித்துக் கழுவு.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா